ஆற்றின் பெயரே பத்திரம்

நாடோடி என்று ஒருவரைச் சொல்லிவிட்டாலே அவருக்கென்று நிலம் இல்லை என்று பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்து மழைக்காடுகளில் வாழும் பெனான் மக்களுக்கு நேர்ந்தது இதுதான். வேட்டையாடியும் பனைமாவு எடுத்தும் காட்டில் அலைந்தவர்கள், எங்கும் மரம் வெட்டி வயல் திருத்தாதவர்கள், ஆகவே எந்த இடமும் அவர்களுடையதாக இருக்க முடியாது என்பது நிர்வாகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதம். இன்னொரு பக்கம், உடைமை என்ற எண்ணமே அறியாத காட்டின் குழந்தைகள் என்று அவர்களைப் போற்றும் வெளிநாட்டுப் பரிவு இருக்கிறது. பகைபோலத் தோன்றும் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: பெனான்களிடம் நிலத்துக்கான ஆவணம் எதுவும் இல்லை. அவர்களுடைய அன்றாட வாழ்வையும் வழக்காறுகளையும் பற்றி எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் பதிவுகளைப் படித்தால் இது தவறான முடிவு என்று தெரிகிறது. ஆவணம் இருக்கிறது. ஆறுகளின், ஓடைகளின் பெயர்களாக இருக்கிறது. அதைப் படிக்கச் சட்டம் கற்றுக்கொள்ளவில்லை என்பதே சிக்கல்.

பெனான் என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் இவர்கள் இரு பிரிவினர். பாராம், லிம்பாங் ஆறுகளின் மேல்பகுதிகளில் வாழ்பவர்கள் கிழக்குப் பெனான். ரெஜாங் ஆற்றின் தலைப்பகுதிகளான பெலாகா வட்டாரத்தில் வாழ்பவர்கள் மேற்குப் பெனான். 1951-52இல் இவர்களிடையே களப்பணி செய்த ஆங்கில மானிடவியலாளர் ராட்னி நீடம் வகுத்த பிரிவு இது, இன்றும் பயன்படுகிறது. இரு பிரிவும் சேர்ந்து 10,000 பேருக்கு மேல். புருணையிலும் ஒரு சிறு குழு உண்டு. பெனான்களுள் முழு நாடோடிகளாக இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. பெரும்பாலோர் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆற்றங்கரை ஊர்களில் வாழ்கிறார்கள். லோங் லாமாய், லோங் கெரோங், லோங் சாயிட் என்று அந்த ஊர்ப் பெயர்கள் ‘லோங்’ என்று தொடங்கும். ஓர் ஆறு மற்றோர் ஆற்றில் கலக்கும் முகத்துவாரம் என்பது பொருள். ‘பா’ என்று தொடங்கினால் நீர், ஆறு. ஆனால் பெரிய ஆற்றங்கரை இவர்களுடைய பழைய இடமே அல்ல. கயான், கென்யா முதலிய வேளாண் மக்களின் நீள்வீடுகளே பெரிய ஆறுகளின் கரையில் இருந்தன. நாடோடிப் பெனான்கள் வெயில் படாத மலைமுகடுகளில் குடிசை போட்டார்கள். தண்ணீருக்குச் சிற்றோடைகளை நாடினார்கள். படகோட்டுவதும் பெரிய ஆற்றைக் கடப்பதும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை. ஆற்றங்கரைக்கு வந்தது அண்மைக்காலத்தில்தான், ஆற்றை அறிந்ததோ தலைமுறைகளாக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மற்றவை விளங்கும்.

அறிந்திருந்தார்கள் என்பதற்கு முதற்சான்று சாப்பாடுதான். பெனான்களின் பழைய உணவு மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் மாவு. பனையை ஊவுட் என்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. அந்தப் பெயருக்கு மூலம் இத்தகைய பனைமாவே. வேலை இப்படி நடக்கும்: மரத்தை வெட்டிச் சாய்த்து, தண்டைத் துண்டுகளாக்கி, நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருக்கும் நார்ச்சோற்றை மரக்கருவியால் இடித்துத் தூளாக்குகிறார்கள். அதை ஓடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு பிரம்புப் பாயைத் தூக்கிக் கட்டி, அடியில் நெருக்கமாகப் பின்னிய இன்னொரு பாயை விரித்து, மேல்பாயில் தூளைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காலால் மிதிக்கிறார்கள். மிதிக்க மிதிக்க வெண்மையான நீர் கீழே இறங்கி மாவு படிகிறது. படிந்ததை அள்ளி நெருப்பின் மேல் பரணில் உலர்த்தினால் பல நாள் தாங்கும். கொதிநீர் விட்டுக் கிளறினால் பசைபோல வரும். மரக்கவையால் சுழற்றி எடுத்து, காட்டுப்பன்றி இறைச்சியோடு உண்பார்கள். பனை சரிவில், தண்ணீர் கீழே. எந்த ஓடைக்கு மேலே எந்தப் பனைக்கூட்டம் முற்றியிருக்கிறது என்று தெரியாத குடும்பம் பட்டினி கிடக்கும்.

இந்த அறிவுக்குள் ஓர் உரிமை முறையும் இருக்கிறது. ஒரு பனைக்கூட்டத்தையோ பழமரத்தையோ ஒரு குடும்பம் கண்டு, அதில் அடையாளம் இட்டு, பிற்காலத்துக்கென்று காத்துவைப்பதை ‘மோலொங்’ என்கிறார்கள். அந்தப் பனை குத்துக்குத்தாக வளர்வது. முற்றிய தண்டுகளை மட்டும் வெட்டி இளந்தண்டுகளை விட்டுவைத்தால் கூட்டம் அழியாது. சில ஆண்டுகள் கழித்து அதே சரிவுக்குத் திரும்பி வருவார்கள். மோலொங் செய்யப்பட்டதை மற்றவர்கள் கேட்காமல் வெட்டக் கூடாது. அந்த உரிமை பிள்ளைகளுக்கும் இறங்கும். வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. ஆனால் யாருடையது, யார் பாட்டன் காத்தது, எந்த ஓடைக்கு மேல் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் உண்டு. எந்த ஊர்ப் பட்டாவிலும் நாம் தேடுவது கிட்டத்தட்ட இந்த மூன்றையும்தான்.

உடைமை இருந்தும் பதுக்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டது பங்கீட்டு நெறி. வேட்டையில் விழுந்த பன்றி, அடித்தவன் வீட்டுக்கு மட்டும் போகாது. முகாமிலுள்ள ஒவ்வோர் அடுப்புக்கும் பங்கு போகும். பங்கிடாமல் இருப்பது பெனான் சமூகத்தில் பெரிய குற்றம். அதற்கென்றே தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். காட்டுவழியில் பிரிந்து போகும் குழுக்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச்செல்ல ‘ஓரோ’ என்ற குறியீட்டு முறை இருக்கிறது. வழியோரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் மடித்த இலையையும் சிறு குச்சிகளையும் செருகிவைப்பார்கள். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை நாள் ஆகும், பசியோடு போகிறோமா, பின்னால் வருபவர் விரைய வேண்டுமா என்பதெல்லாம் அதில் தெரியும். எழுத்தில்லாத சமூகம் என்று இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த முறையைப் பார்த்த பிறகாவது கொஞ்சம் தயங்கவேண்டும்.

ஆனாலும் என் வாதத்தின் நடுத்தூண் சாவு பற்றிய வழக்கங்களே. நாடோடிக் காலத்தில் ஒருவர் இறந்தால் அவரை அங்கேயே புதைத்துவிட்டுக் குழு முழுவதும் அந்த முகாமைக் கைவிட்டுப் போய்விடும். கல்லறை எழுப்புவதில்லை. இறந்தவரின் பெயரை அதன்பின் வாயால் சொல்வதும் இல்லை. உறவினர்கள் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்வார்கள்: இறந்தவர் தந்தையா, தாயா, பிள்ளையா, துணையா என்பதற்கேற்ப உயிரோடிருப்பவருக்கு வேறு வேறு துக்கப்பெயர் வரும். நீடம் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தப் பெயர்முறை பற்றியது. ஒருவரை அழைக்கும்போதே அவருடைய இழப்பையும் சேர்த்து அழைக்கிறார்கள். அப்படியானால் இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் என்ன செய்வது? அவர் புதைந்த இடத்துக்கு அருகிலுள்ள ஆற்றின் பெயரால் குறிப்பிடுவார்கள். மேற்குப் பெனான்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் ப்ரோசியஸ் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். ஆறுகளுக்குப் பெயர் வரும் விதத்தையும் அவர் தொகுத்தார். ஒரு மரத்தால், பாறையால் வந்த பெயர்கள் உண்டு; அங்கே நடந்த நிகழ்ச்சியால், அங்கே வாழ்ந்த அல்லது இறந்த ஒருவரால் வந்த பெயர்களும் உண்டு. மனிதர் பெயர் ஓடைக்குப் போகிறது, ஓடையின் பெயர் மனிதருக்கு வருகிறது. தந்தையைப் பற்றிப் பேசுகிற மகன் ஒவ்வொரு முறையும் ஒரு நிலப்பரப்பைச் சொல்கிறான். ஒரு பள்ளத்தாக்கின் கிளையோடைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அந்தக் குடும்பங்களின் வரலாறும் வரிசையாகத் தெரியும். எந்தத் தாலுகா அலுவலகத்தின் பதிவேட்டிலும் இவ்வளவு நெருக்கமாக மனிதரும் மண்ணும் பிணைக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

கதைகளையும் நம்பிக்கைகளையும் இந்தக் கண்கொண்டு பார்க்கலாம். விலங்கைக் கேலிசெய்தால் இடி விழும் என்பது பெனான்களின் பழைய நம்பிக்கை. பிடித்துவந்த குரங்குக்கு மனிதரைப்போல உடுத்திச் சிரிப்பது, கொன்ற விலங்கை இழிவாகப் பேசுவது போன்றவை இடித்தெய்வத்தின் கோபத்தை வரவழைக்கும்; புயல் வந்து குடியிருப்பையே கல்லாக்கிவிடும். இதே அச்சம் கடல் தாண்டி மலாயா தீபகற்பத்தின் செமாங் வனமக்களிடமும் இருப்பதை 1964இல் நீடம் ஒப்பிட்டு எழுதினார். கேலிசெய்து கல்லாய்ப்போன ஊர் என்று உள்நாட்டுப் போர்னியோவில் பல பாறைகளைக் காட்டுவார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கதை எப்போதும் ஓர் இடத்தில் நிற்கிறது: இன்ன ஓடையின் மேலே, இன்ன பாறை. கேட்கும் குழந்தை நெறியோடு வழியையும் கற்றுக்கொள்கிறது. ‘சுகெட்’ என்று அழைக்கப்படும் நெடுங்கதைகள் இரவில் அடுப்பைச் சுற்றிச் சொல்லப்பட்டவை. கனடாவைச் சேர்ந்த மொழியியலாளர் இயன் மெக்கென்சி கிழக்குப் பெனான் மூத்தவர்களிடமிருந்து இவற்றைப் பல ஆண்டுகள் கேட்டுப் பதிவுசெய்து, அந்த மொழிக்கு அகராதியும் தொகுத்தார். கிறித்தவம் பரவிய பிறகு சகுனப் பறவைகளையும் இடித்தெய்வத்தையும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். பலருக்கு அது விடுதலையாகவும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. சகுனம் போனாலும் ஓடைப் பெயர் போகவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் சரவாக் நிலச் சட்டம், பூர்வகுடிகளின் வழக்குரிமை நிலம் எவ்வாறு உண்டாகும் என்று வரையறுக்கிறது. கன்னிக்காட்டை வெட்டித் திருத்திக் குடியேறுவது, பழமரம் நடுவது, பயிரிடுவது, இடுகாடாகவோ வழிபாட்டிடமாகவோ பயன்படுத்துவது, வழித்தடமாகப் பயன்படுத்துவது ஆகிய முறைகளைச் சொல்லி, கடைசியில் ‘சட்டத்துக்கு உட்பட்ட வேறெந்த முறையும்’ என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1958 ஜனவரி 1க்கு முன் இவ்வாறு உண்டான உரிமை செல்லும். அதற்குப் பின் என்றால் அரசின் அனுமதி வேண்டும். காட்டை வெட்டினால் உரிமை, காத்தால் உரிமை இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருளாகிவிட்டது. மோலொங் செய்த பனை நட்ட மரம் ஆகாது, கல்லறை இல்லாத புதைகுழி இடுகாடு ஆகாது என்று அதிகாரிகள் படித்தார்கள். அந்தக் கடைசிக் கதவையும் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. எனக்கு இதில் ஆறாத வியப்பு ஒன்று உண்டு. இடுகாடு உரிமை தரும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இறந்தோரை ஆற்றின் பெயரால் நினைவுகூரும் ஒரு சமூகம் அந்தச் சட்டத்தின் முன்னே நிற்கிறது. ஆனாலும் இரண்டும் சந்திக்கவில்லை. சந்திக்காததன் விலை பெரிது. 1980களில் மரம்வெட்டும் நிறுவனங்களின் பாதைகள் பாராம் மேல்பகுதிக்குள் ஏறின; ஓடைகள் சேறாயின, மீன் குறைந்தது, பனைச்சரிவுகள் புல்டோசரில் போயின. 1987 மார்ச்சில் பெனான்கள் மூங்கிலும் மரமும் கட்டிச் சாலைகளை மறித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மரம்வெட்டும் சாலையை மறிப்பதே குற்றம் என்று வனச்சட்டம் திருத்தப்பட்டது. 1998இல் சில ஊர்கள் நீதிமன்றம் போயின. வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவரான லோங் கெரோங் ஊர்த்தலைவர் கெலெசாவ் நான் 2007இல் காட்டில் இறந்து கிடந்தார்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றுள் சில கனமானவை. முதலாவது, இவர்கள் தொன்மையான வனமக்களே அல்லர் என்பது. கார்ல் ஹாஃப்மன் 1986இல் வெளியிட்ட நூலில், போர்னியோவின் நாடோடிகள் வேளாண் மக்களிலிருந்து பிரிந்து, வாணிபத்துக்காகக் காட்டுப்பொருள் சேகரிக்கப் போனவர்களே என்றார். வாணிபம் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெனான்களின் ஊதுகுழலையே எடுத்துக்கொள்ளலாம்: ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளக் கடினமரத்தை, நீண்ட இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி, தூள் வெளியேற நீரூற்றி, நூல் பிடித்தாற்போலத் துளைக்க வேண்டும். அந்த இரும்பு வெளியிலிருந்து வந்தது. ஒருவகை மரப்பாலைக் காய்ச்சி அம்பில் பூசும் நஞ்சு மட்டும் காட்டுடையது. அதை அவர்கள் தாஜெம் என்பார்கள். பிரம்பு, கற்பூரம், குங்கிலியம், அகில் ஆகியவற்றைக் கொடுத்து உப்பும் துணியும் இரும்பும் வாங்கினார்கள். ‘தமு’ எனப்பட்ட சந்தைகள் ஆண்டுக்குச் சில முறை குறித்த ஆற்றுமுனைகளில் கூடின. பெனான்கள் ஏமாற்றப்படாமல் இருக்க அரசு அலுவலர் ஒருவர் மேற்பார்த்தார். ஹாஃப்மனின் தோற்றக் கொள்கையைப் ப்ரோசியஸ் முதலிய பலர் ஏற்கவில்லை. அது சரியென்றே வைத்துக்கொண்டாலும் நில உரிமைக் கேள்வி அசையாது. உரிமைக்கு வேண்டியது 1958க்கு முன் ஓரிடத்தோடு இருந்த தொடர்பு. கற்காலத் தொன்மை யாரிடமும் கேட்கப்படுவதில்லை. மேலும், தமு கூடிய ஆற்றுமுனைக்கு இன்ன குழு வரும் என்று எதிர்பார்த்து அரசே ஆளை அனுப்பியிருக்கிறது. எங்கும் திரிபவர் என்று பின்னாளில் சொன்ன அதே நிர்வாகம், அன்று அவர்களை எந்த ஆற்றில் காணலாம் என்று அறிந்தே இருந்தது.

இரண்டாவது மறுப்பு ஆதரவாளர்களை நோக்கியது. அதைச் சொன்னவரும் ப்ரோசியஸ்தான். 1997இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சுற்றுச்சூழல் இயக்கத்தார் மோலொங் போன்ற சொற்களுக்கு இல்லாத புனிதத்தை ஏற்றி, எங்கோ ஒரு காட்டுக்கதையில் வருகிற ஞானிகளாகப் பெனான்களை மாற்றிவிட்டார்கள் என்று குறைசொன்னார். சுவிட்சர்லாந்தின் புரூனோ மான்ஸர் 1984 முதல் 1990 வரை இவர்களோடு வாழ்ந்து உலகக் கவனத்தைத் திருப்பியது பெரும்பணி. 2000இல் மீண்டும் காட்டுக்குள் போன அவர் திரும்பவேயில்லை. அந்தக் கவனத்தோடு சேர்ந்து இந்தப் புனிதமும் பரவியது. ப்ரோசியஸின் குறையை நான் முழுமனதாக ஏற்கிறேன். அது என் பக்கத்தையே வலுவாக்குகிறது. மோலொங் என்பது வழிபாடாக இருந்தால் அதை நீதிமன்றத்தில் நிறுவ முடியாது. யார் எதை எப்போது காத்தார், யாருக்கு இறங்கியது என்ற சாதாரணக் கணக்காக இருப்பதால்தான் அது உரிமைச் சான்றாகிறது. உரிமை பெற எவரும் புனிதராக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு அன்றாடம் கேட்கக்கூடியது: இவர்களே ஊர் அமைத்துவிட்டார்கள், பள்ளியும் மருத்துவமனையும் கேட்கிறார்கள், இனிக் காடு எதற்கு? கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆற்றங்கரை ஊர்களில் இன்று மலைநெல்லும் மரவள்ளியும் பயிராகின்றன. பிள்ளைகள் விடுதிப்பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாமல் அல்லல்படுவோரும் உண்டு. லோங் லாமாய் ஊரார் மலேசியா சரவாக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இணைய மையம் அமைத்து, ஓரோ குறிகளை இளைஞர்களுக்குக் கற்பிக்கக் கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாடோடி வாழ்வின் குறியை நிலைகுடியின் பிள்ளைகள் திரையில் படிக்கிறார்கள் என்றால், குடியேறியதால் தொடர்பு அறுந்தது என்று எப்படிச் சொல்வது? ஊரிலிருந்தபடியே ஆண்கள் நாட்கணக்கில் வேட்டைக்குப் போகிறார்கள். பெண்கள் பிரம்பு வெட்டிப் பாயும் கூடையும் பின்னுகிறார்கள். முலு தேசியப் பூங்காவை ஒட்டி, மெலினாவ் ஆற்றங்கரையில் உள்ள பத்து புங்கான் ஊரில் அவை சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. வீடு ஓரிடத்திலும் வயல் வேறிடத்திலும் இருக்கும் உழவரிடம் யாரும் வயலைப் பிடுங்குவதில்லை. பெனான்களுக்கு மட்டும் கூரை போட்ட இடமே நிலம் என்று அளப்பது நியாயமில்லை. அப்படி அளந்ததன் முடிவை முருமில் பார்க்கலாம். 944 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக 2013இல் முரும் ஆற்றுப் பெனான்கள் தெகுலாங், மெத்தாலுன் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். வீடு கட்டிக்கொடுத்தார்கள். ஓடைகள் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயின.

கடைசி மறுப்பு வரைபடங்கள் பற்றியது. பாராம், லிம்பாங் வட்டாரங்களில் 63 பெனான் ஊர்கள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்து, தங்கள் நிலத்தை 23 வரைபடங்களாக்கி 2017இல் வெளியிட்டன. ஆயிரக்கணக்கான ஆறுகள், ஓடைகள், முகடுகளின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன; பழைய முகாம்கள், புதைகுழிகள், நஞ்சுமரங்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு அமைப்பின் உதவியோடு, வழக்குக்கென்றே செய்தது, ஆகவே நம்பத்தகாதது என்பார்கள். எந்த நில அளவையும் ஏதோ ஒரு தேவைக்காக, யாரோ ஒருவரின் கருவியோடுதான் செய்யப்படுகிறது. காலனி அரசின் அளவை வரி வாங்குவதற்காக நடந்தது. கேட்க வேண்டியது ஒன்றே: பெயர்கள் பொய்யா? சோதிப்பது கடினமில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரார் தனியாகச் சொன்ன பெயரோடு ஒப்பிடலாம். நீடமும் மான்ஸரும் ப்ரோசியஸும் முன்பே எழுதிவைத்த பதிவுகளோடு ஒப்பிடலாம். இந்த ஒப்பீட்டை நீதிமன்றம் நியமிக்கும் அளவையாளர் ஒருவர் செய்யட்டும் என்பதே என் கோரிக்கை.

மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2016 டிசம்பரில், ஈபான் மக்கள் தொடர்ந்த வழக்கில், திருத்தப்படாத காட்டின் மேல் கோரப்பட்ட வழக்குரிமையை ஏற்க மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததும், 2018இல் சரவாக் சட்டமன்றம் ‘பூர்வகுடி ஆட்சிப்பரப்பு’ என்ற புதிய வகையைச் சேர்த்தது. அதற்கு ஹெக்டேர் கணக்கில் உச்சவரம்பும் வைத்தது. ஒரு பனைச்சரிவிலிருந்து மற்றொன்றுக்கு நாட்கணக்கில் நடந்து வாழ்ந்த மக்களுக்கு அந்த வரம்பு போதாது. 1958 ஜனவரி 1 என்ற தேதி சட்டத்தில் அப்படியே இருக்கிறது. 2000இல் நீக்கிய ‘வேறெந்த முறையும்’ என்ற சொற்களைத் திரும்பச் சேர்க்க ஒரு திருத்தம் போதும். அதற்கான அதிகாரம் சரவாக் சட்டமன்றத்திடம் இருக்கிறது.